புல்லட் உதறுகிறது, கிராங்க் பேலன்ஸ் செய்ய வேண்டுமா? செங்கோட்டைப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் லேத்தும் என்ஜின் வேலையும் பார்க்கிற சின்னப் பட்டறை எங்களுடையது. புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டி மலை ஏறினால் கேரளத்து ஆரியங்காவு, தென்மலை, புனலூர். 1956 நவம்பர் 1 வரை இந்த ஊரே திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததுதான். அதனால் மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இங்கே வண்டி விடுவது வெளியூர் போவதாகவே தோன்றாது. அவர்களும் தென்காசி, கடையநல்லூர் பக்கத்து ஆட்களும் போனில் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் புல்லட் பற்றித்தான். மற்ற வண்டிகளும் நடுவே வரும்.

வண்டி உதறுகிறது. கிராங்க் பேலன்ஸ் போய்விட்டதா?

பேலன்ஸ் தானாகப் போகாது. பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க். பிஸ்டனுக்கு ஈடாக அதில் இருக்கும் எதிர் எடை இரும்பு. அது தேய்ந்து குறைவதில்லை. ஐந்து வருடம் ஒழுங்காக ஓடிய வண்டி இந்த மாதம் உதற ஆரம்பித்தது என்றால் வேறு ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. என்ஜின் மவுண்டிங் போல்ட் தளர்ந்திருக்கும், ஹெட்டிலிருந்து சேஸிஸுக்கு வரும் பட்டை விட்டுப்போயிருக்கும், மேக்னெட் ரோட்டர் நட்டு இளகியிருக்கும், செயினில் ஓரிடம் மட்டும் இறுகியிருக்கும், டைமிங் முன்னால் போயிருக்கும். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் என்ஜினைத் திறக்கும் பேச்சு.

முதலில் ஒரு சோதனை. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மெல்ல ஏற்றுங்கள். ஓட்டும்போது வருகிற அதே உதறல் அதே சத்தத்தில் வந்தால் அது என்ஜினுடையது. நின்றால் வராமல், ஓடும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்தால் சக்கரம், டயர், செயின் பக்கம் போங்கள். சந்தேகம் தீரவில்லையா? புளியரை இறங்கிச் சமதளத்துக்கு வந்த பிறகு, காலியான சாலையில், கிளட்சைப் பிடித்து ஒரு நொடி உருளவிட்டுப் பாருங்கள். உதறல் தொடர்ந்தால் என்ஜின் மேல் பழி இல்லை. எஸ் வளைவில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டாம்.

இந்த 'உதறல்' என்ற சொல்லே எங்களை ஒருமுறை மாட்டிவிட்டது. புனலூர்க்காரர் ஒருவர் வந்து "சேட்டா, வண்டி விறய்க்குந்நு" என்றார். மலையாளத்தில் நடுங்குகிறது என்று அர்த்தம். பட்டறைக்குப் புதிதாக வந்த பையன் விறைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, என்ஜின் ஜாம் ஆகிவிட்டதா என்று கிக்கரை மிதித்து மிதித்துப் பார்த்தான். அது பாட்டுக்கு ஸ்டார்ட் ஆகி நின்று நடுங்கியது.

ஒற்றை சிலிண்டர் ஏன் நடுங்குகிறது?

பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நிற்கிறது. ஒவ்வொரு முறையும் அதை நிறுத்தித் திருப்பி அனுப்ப ஒரு விசை வேண்டும். அந்த விசைக்கு எதிர்விசை கிராங்க் வழியாக பேரிங், கேஸ், சேஸிஸ், கடைசியில் உங்கள் உள்ளங்கை வரை வருகிறது.

கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். பழைய புல்லட் 350-இல் சிலிண்டர் விட்டம் 70 மில்லி, பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை ஓடும் தூரமான ஸ்ட்ரோக் 90 மில்லி. ஆக கிராங்கின் ஆரம் 45 மில்லி. மேலும் கீழும் போகும் எடையை அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். 4000 ஆர்பிஎம்-இல் அந்த அரைக் கிலோ கொடுக்கும் இழுப்பு ஏறத்தாழ 400 கிலோ எடைக்குச் சமம். நான்கு நெல் மூட்டையை நிமிடத்துக்கு 4000 தடவை மேலும் கீழும் தூக்கிப் போடுகிற கதை. 2000 ஆர்பிஎம்-இல் இது 100 கிலோதான், ஏனென்றால் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் உதறல் நான்கு மடங்கு.

இந்த ஒரு வரி மனதில் நின்றால் பாதி சிகிச்சை முடிந்தது. முன் ஸ்ப்ராக்கெட்டில் 16 பல்லுக்குப் பதில் 18 பல் போட்டால், அதே சாலை வேகத்தில் என்ஜின் சுற்று சுமார் 11 சதவீதம் குறையும். உதறும் விசையோ 21 சதவீதம் குறையும். பெட்ரோல் டேங்கைக்கூடக் கழற்ற வேண்டாம். ஆனால் மலையேற்றத்தில் கியரை முன்கூட்டியே இறக்க வேண்டிவரும். தினமும் தென்மலை ஏறி இறங்குகிறவருக்கு நான் இதைச் சொல்வதில்லை. திருநெல்வேலி, மதுரை என்று நேர்சாலையில் போகிறவருக்குச் சொல்வேன்.

அப்படியானால் எதிர் எடை போட்டு முழுசாகச் சரிசெய்துவிடலாமே?

முடியாது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

பிஸ்டன் நேர்கோட்டில் போகிறது. எதிர் எடை வட்டத்தில் சுற்றுகிறது. பிஸ்டன் மேலே இருக்கும்போது எதிர் எடை கீழே இருந்து அதை ஈடுகட்டும். கால் சுற்று கழித்துப் பிஸ்டன் பாதி வழியில் இருக்கும்போது எதிர் எடை முன்பக்கமோ பின்பக்கமோ நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் அதை ஈடுகட்ட ஆளில்லை. பிஸ்டன் எடை முழுவதற்கும் எதிர் எடை போட்டால் மேல்கீழ் உதறல் போய், அதே அளவு உதறல் முன்பின்னாக வரும். ஒன்றும் போடாவிட்டால் மேல்கீழாகத் தூக்கிப்போடும். அதனால் நடுவில் ஓரிடம் பார்த்து நிற்கிறோம். மேல்கீழ் போகும் எடையில் எத்தனை சதவீதத்துக்கு எதிர் எடை போடுகிறோமோ அதுதான் பேலன்ஸ் ஃபேக்டர். ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் பொதுவாக 50-க்கும் 70-க்கும் இடையில் இருக்கும். புல்லட்டுக்கு நான் 60-ஐ ஒட்டி வைக்கிறேன்.

சரியான எண் எது என்பதை என்ஜின் மட்டும் தீர்மானிப்பதில்லை. சேஸிஸ் எந்தத் திசை ஆட்டத்தைத் தாங்கும், எந்த வேகத்தில் அதிகம் ஓட்டுகிறீர்கள், சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறதா படுத்திருக்கிறதா என்பதெல்லாம் உண்டு. ஸ்பிளெண்டரில் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்கிறது. அதில் பிஸ்டனின் உதறல் முன்பின்னாகவும், எதிர் எடை மிச்சம் விடுவது மேல்கீழாகவும் வரும். புல்லட்டில் பார்த்த எண்ணை அப்படியே அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது.

ஆக, ஒற்றை சிலிண்டர் கிராங்கில் உதறலை ஒழிக்க முடியாது. எந்தப் பக்கம் போகட்டும் என்று திருப்பிவிடத்தான் முடியும். "உதறலே இருக்காது" என்று யாராவது உறுதி சொன்னால் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அலைன்மெண்ட், பேலன்ஸ் இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. எங்கள் பட்டறையில் முதல் மரியாதை அலைன்மெண்டுக்கு.

புல்லட் கிராங்க் ஒரே துண்டு இல்லை. பிளைவீல் என்கிற இரண்டு கனமான சக்கரங்களை நடுவில் ஒரு கிராங்க் பின் கோத்துப் பிடித்திருக்கிறது. அந்தப் பின்னைச் சுற்றி, அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. ராடு கிட் மாற்ற வேண்டுமென்றால் பிளைவீல்களைப் பிரித்து மறுபடி சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது இரண்டு பக்கத்து தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். வராவிட்டால் எத்தனை பேலன்ஸ் செய்தும் பயனில்லை. கிராங்க் சுற்றும்போதே தண்டு நெளிந்து நெளிந்து பேரிங்கைத் தின்னும்.

சேர்த்த கிராங்கை வி-பிளாக்கில் படுக்க வைத்து, இரண்டு தண்டிலும் நுண்ணிய ஏற்ற இறக்கத்தைக் காட்டும் டயல் கேஜ் முள்ளைத் தொடவிட்டுக் கையால் மெல்லச் சுற்றுவேன். முள் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று சாக்பீஸால் பிளைவீல் விளிம்பில் குறி. கிராங்க் பின் இருக்கும் திசையிலோ அதற்கு நேர் எதிரிலோ முள் உச்சம் காட்டினால் பிளைவீல்கள் வாய் பிளந்திருக்கின்றன அல்லது நெருங்கியிருக்கின்றன. ஆப்பு வைத்தோ பெஞ்சு வைஸில் இறுக்கியோ அதைச் சரிசெய்யலாம். பின்னுக்குக் குறுக்கே 90 டிகிரியில் ஒரு தண்டு ஏறி இன்னொன்று இறங்கினால், பிளைவீல்கள் கத்தரிக்கோல் மாதிரி திருகியிருக்கின்றன. அதற்குச் செப்புச் சுத்தியல். எந்த விளிம்பில், எவ்வளவு வேகத்தில் என்பது சொல்லித் தெரிவதில்லை. ஒரு தட்டு, ஒரு சுற்று, ஒரு பார்வை. சில கிராங்க் ஐந்து தட்டில் வரும். சிலது மத்தியானச் சாப்பாட்டைத் தின்றுவிடும்.

முள்ளின் ஆட்டம் 0.02 மில்லிக்குள் வந்தால் எனக்குத் தூக்கம் வரும். 0.05-ஐத் தாண்டினால் கேஸை மூடுவதில்லை.

பேலன்ஸ் எப்படிப் பார்க்கிறீர்கள்? மெஷின் இருக்கிறதா?

இல்லை. எங்களிடம் இருப்பது இரண்டு உரசிச் சமன்செய்த இரும்புத் தண்டவாளம், ஒரு ரசமட்டம், சமையலறைத் தராசு, ஒரு பழைய கிரீஸ் டப்பா. ஒற்றை சிலிண்டருக்கு இது போதும். பிளைவீல்கள் இரண்டும் நெருங்கி இருப்பதால், எடுக்கும் இரும்பை இரண்டிலும் சமமாக எடுத்தால் பக்கவாட்டுத் தள்ளாட்டம் பெரிதாக வராது. பல சிலிண்டர் கார் கிராங்குக்குத்தான் சுழற்றிப் பார்க்கும் மெஷின் கட்டாயம் வேண்டும்.

முதலில் எடை. பிஸ்டன், ரிங்குகள், பிஸ்டன் பின், லாக்குகள் எல்லாம் சேர்த்து ஒரு எடை. அடுத்து ராடைக் கிடைமட்டமாகப் பிடித்து, சின்ன முனையைத் தராசிலும் பெரிய முனையை அதே உயரத்தில் ஒரு தாங்கியிலும் வைத்தால் சின்ன முனையின் எடை வரும். திருப்பி வைத்துப் பெரிய முனையையும் பார்க்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் ராடின் மொத்த எடை வர வேண்டும். வராவிட்டால் ராடு சாய்ந்திருக்கிறது, மறுபடி வையுங்கள். சின்ன முனை பிஸ்டனோடு மேல்கீழ் போகிறது, பெரிய முனை கிராங்க் பின்னோடு சுற்றுகிறது என்று கணக்கு.

ஓர் உதாரணம் போடுகிறேன். பிஸ்டன் செட் 420 கிராம், ராடின் சின்ன முனை 180 கிராம் என்றால் மேல்கீழ் எடை 600 கிராம். 60 சதவீதம் வேண்டுமென்றால் 360. ஆனால் கிராங்கைத் தண்டவாளத்தில் வைக்கும்போது ராடு ஏற்கெனவே தொங்குகிறது, அதன் சின்ன முனையும் அதில் அடக்கம். அதனால் 360-இலிருந்து 180-ஐக் கழித்து, மீதி 180 கிராமைத்தான் சின்ன முனையில் தொங்கவிட வேண்டும். டப்பாவில் நட்டும் வாஷரும் போட்டு, டப்பா, கம்பி எல்லாம் சேர்த்து 180.

இப்போது கிராங்கை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். கிராங்க் பின் இருக்கும் பக்கம் கீழே போனால் எதிர் எடை போதவில்லை, அந்தப் பக்கத்து விளிம்பில் துளை போட்டு இரும்பை எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கீழே போனால் அங்கே எடுக்க வேண்டும். 10 மில்லி டிரில்லில் 10 மில்லி ஆழம் போட்டால் வார்ப்பிரும்பில் ஐந்தரை கிராமுக்குச் சற்று மேல் போகும். அந்தத் துளை மையத்திலிருந்து 70 மில்லி தள்ளி இருந்தால், 45 மில்லியில் இருக்கும் பின்னில் அது கிட்டத்தட்ட 9 கிராமுக்குச் சமம். எடுத்த இரும்பைத் திரும்பப் போடுவது பெரும்பாடு. அதனால் பாதி ஆழம் போட்டு ஒருமுறை பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள்.

ஆனி, ஆடியில் இந்த வேலைக்குப் பட்டறைக் கதவைச் சாத்த வேண்டும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற சாரல் காற்று தொங்கும் டப்பாவை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஃபேனும் போடக் கூடாது. வேர்த்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, உருளுமா நிற்குமா என்று பிளைவீலையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

இதில் தவறு நடந்ததுண்டா?

உண்டு, என் கையாலேயே. தொழில் பழகிய காலத்தில் சின்ன முனை எடையைக் கழிக்க மறந்து, 360 கிராமையும் அப்படியே தொங்கவிட்டுத் துளை போட்டேன். அதாவது 180 கூடிப்போய் 540. பேலன்ஸ் ஃபேக்டர் 60-க்குப் பதில் 90 ஆகிவிட்டது. வண்டியை ஓட்டிப் பார்த்தபோது முதலில் சந்தோஷம். ஹேண்டில்பாரில் மேல்கீழ்க் குதிப்பு காணோம். 60 கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் ஃபுட்ரெஸ்ட் முன்னும் பின்னுமாக ஆட ஆரம்பித்தது, கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிந்தது. இன்னொரு ஜோடி பிளைவீல் என் செலவில் வாங்கி மாற்றிக் கொடுத்தேன். அந்தத் துளை போட்ட ஜோடி இன்றைக்கும் பட்டறை வாசலில் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

பேலன்ஸ் செய்தால் தேய்மானம் குறையுமா?

எதில் என்று கேட்க வேண்டும். எதிர் எடை சரியாக இருந்தால் மெயின் பேரிங் மேல் வரும் சுமை குறையும். கேஸில் பேரிங் உட்காரும் இடம் தளராது. மவுண்டிங் போல்ட் அறுவது, மட்கார்டு பிடி விரிசல் விடுவது, பல்பு அடிக்கடி போவது இதெல்லாம் குறையும்.

ஆனால் ராடின் பெரிய முனைக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. பிஸ்டனின் இழுப்பு ராடு வழியாக முதலில் பெரிய முனைக்கு வந்து, அதைத் தாண்டித்தான் பிளைவீலுக்குப் போகிறது. எதிர் எடை இருப்பது அந்தப் பக்கம். பெரிய முனை ஏற்கெனவே அடியை வாங்கிவிட்டது. அதைக் காப்பாற்ற நினைத்தால் ஆயிலை நாள் தள்ளாமல் மாற்றுங்கள், நான்காவது கியரில் மூச்சுமுட்ட மலை ஏற்றாதீர்கள், பிஸ்டன் மாற்றும்போது எடை கூடியதைப் போடாதீர்கள். பழைய வார்ப்பிரும்பு என்ஜின்களில் பெரிய முனையில் இருப்பது மிதக்கும் புஷ், அதாவது பின்னுக்கும் ராடுக்கும் நடுவே தளர்வாகச் சுற்றும் வளையம். அதற்கு ஆயில்தான் உயிர்.

பிளைவீல் எடை கூடினால் உதறல் குறையும் என்கிறார்களே?

குறையாது. கனமான பிளைவீல் ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவே சுற்று தொய்யாமல் இழுத்துப் போகும். ஐட்லிங்கில் அந்த 'டக், டக்' அழகு அதனால்தான். பிஸ்டன் தூக்கிப்போடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் மறுபடி பேலன்ஸ் வேண்டுமா?

சிலிண்டரைப் போரிங் செய்து 0.50 மில்லி பெரிய பிஸ்டன் போட்டதற்காக வேண்டாம். ஒற்றை சிலிண்டரில் 10 கிராம் மாறினால் உங்கள் கைக்குத் தெரியாது. பழைய பிஸ்டனையும் புதியதையும் தராசில் வைத்துப் பாருங்கள். 50 கிராம் வித்தியாசம் என்றால் கணக்குப் போடலாம். இரட்டை சிலிண்டர் வண்டியில் மட்டும் இரண்டு பிஸ்டனும் ஒரே எடையில் இருக்க வேண்டும்.

புது வண்டிகளில் ஏன் இந்த உதறல் இல்லை?

பேலன்சர் ஷாஃப்ட். ராயல் என்ஃபீல்டு 2020-இல் மீட்டியோரில் கொண்டுவந்த 349 சிசி என்ஜினில் இது இருக்கிறது. 2021-இல் கிளாசிக்குக்கும் அதே என்ஜின் வந்தது. வித்தை எளிமையானது. கிராங்கில் 50 சதவீதம் எதிர் எடை போட்டால், மிஞ்சுகிற உதறல் ஒரே அளவில், கிராங்குக்கு எதிர்த்திசையில் சுற்றுகிற ஒரு விசையாக மாறும். அதற்கு நேர் எதிராக இன்னொரு எடையை அதே வேகத்தில் கிராங்குக்கு எதிர்த்திசையில் சுற்றவிட்டால் இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் வருகிற சின்ன அதிர்வு மட்டும் மிச்சம். பிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கார்களுக்காக நூறு வருடத்துக்கு முன்பே எதிர்த்திசையில் சுற்றும் எடைகளைப் பயன்படுத்தியிருக்கிறார்.

இந்த வண்டிகளில் என்ஜின் பிரித்துப் பூட்டிய பிறகு பயங்கர உதறல் என்றால், முதலில் பேலன்சர் கியரின் குறி கிராங்க் கியரின் குறியோடு சேர்கிறதா என்று பாருங்கள். சில பல் தள்ளிப் பூட்டினால் பேலன்சர் உதவுவதற்குப் பதில் உதறலோடு சேர்ந்துகொள்ளும். பேலன்சரே இல்லாத வண்டி மேல் என்று தோன்றும். கிராங்கில் துளை போடும் யோசனையே இந்த வண்டிகளில் வேண்டாம்.

யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு?

50 மில்லி விட்டம், 50 மில்லி ஸ்ட்ரோக், சின்ன பிஸ்டன். அதில் பேலன்ஸைவிட அலைன்மெண்ட் பத்து மடங்கு முக்கியம். கிராங்க் நெளிந்தால் ஆயில் சீல் தேயும், அது வழியாகக் காற்று உள்ளே போகும், பெட்ரோல் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே பம்ப் வேலை பார்க்கிறது. பிளைவீலில் பெரிய துளைகள் போட்டால் உள்ளே காலியிடம் கூடி இழுவை குறையும். 1996-உடன் உற்பத்தி நின்ற வண்டி. நல்ல கிராங்க் கிடைத்தால் டிரில்லை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கிராங்கை மட்டும் பஸ்ஸில் போட்டு அனுப்பினால் செய்து தருவீர்களா?

அலைன்மெண்ட் மட்டும் என்றால் சரி, தண்டுகள் அடிபடாமல் பழைய டியூபைச் சுற்றி அனுப்புங்கள். பேலன்ஸ் என்றால் நீங்கள் போடப்போகிற பிஸ்டன், ரிங், பின், லாக், ராடு கிட் எல்லாம் கூடவே வர வேண்டும். "எடை இவ்வளவு" என்று போனில் சொல்லும் கணக்கில் நான் டிரில்லைத் தொடமாட்டேன். இரண்டு நாள் ஆகும். நேரில் வருகிறவர்கள், ஆடி மாதமாக இருந்தால் விடியற்காலையிலேயே வந்துவிடுங்கள். காற்று எழும்புவதற்குள் டப்பாவைத் தொங்கவிட்டுப் பார்த்துவிடலாம்.